சகலையின் இரண்டாவது மாடி

பீன்யா தொழிற்பேட்டையில் லேத் மெஷின் முன்னால் நின்று சம்பாதித்துக் கட்டியது என் வீடு. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனால் எங்கள் லேஅவுட்டிலேயே உயரமான வீடு என்னுடையதுதான். கீழ்த்தளம், மேலே ஒரு மாடி, மொட்டை மாடியில் ஷீட் போட்ட ஓர் அறை. சாயங்காலம் அதன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எல்லார் மொட்டை மாடியும் எனக்குக் கீழே.

எதிர் சைட்டை என் மனைவியின் தங்கை கணவர் வாங்கினார். பேங்க் உத்தியோகம், லோன் போட்டுக் கட்டுகிறவர். கைக்காசில் கட்டியவனுக்கு அதெல்லாம் ஒரு வீடாகவே தோன்றாது. முதல் மாடி எழும்பியது, பொறுத்தேன். அதற்கும் மேலே தூணுக்குக் கம்பி நீட்டிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மருமகளிடம் என் கிரயப் பத்திரத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். கன்னடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, பேச மட்டும். லேஅவுட் போட்டவர் எல்லா சைட்டுக்கும் ஒரே நிபந்தனை எழுதியிருந்தார். தெருப்பக்கம் இடம் விட வேண்டும், கடை வைக்கக் கூடாது, கீழ்த்தளத்துக்கு மேல் ஒரே ஒரு மாடி. இடம் எத்தனை கை மாறினாலும் நிபந்தனையும் கூடவே போகுமாம். படிப்பின் அருமை அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாளே அசோசியேஷனில் புகார் கொடுத்தேன். எதிர்வீட்டு வேலை நின்றது. சகலை வந்தார், காபி குடித்தார், மெதுவாக ஆரம்பித்தார்.

"அண்ணா, நிபந்தனைன்னா ரெண்டு பேருக்கும்தானே? உங்க ஷீட் ரூமும் ரெண்டாவது மாடிக் கணக்குதான்னு செக்ரட்டரி சொல்றாரு."

"அது ரூமே இல்ல சகலை. சும்னே, சும்மா வெயிலுக்குப் போட்டது."

"வெயிலுக்குப் போட்டதுக்குக் கதவும் ஃபேனும் எதுக்குண்ணா? ரெண்டு பேரும் பேசாம இருந்துடலாம். உங்களுது உங்களுக்கு, என்னுது எனக்கு."

நியாயமான பேச்சுதான். மனைவியும் ஒத்துப்போகத்தான் சொன்னாள். ஆனால் அவர் மாடி எழும்பிவிட்டால் ஆயுசுக்கும் நான் கழுத்தை நிமிர்த்தித்தான் அவரைப் பார்க்க வேண்டும். அந்த வாரமே ஆள் வைத்து என் அறையைப் பிரித்துப் போட்டேன். வேறு வழியில்லாமல் அவரும் கம்பியை அறுத்தார்.

இப்போது இரண்டு வீடும் ஒரே மட்டம். அவரோ மொட்டை மாடியில் மல்லிகைப் பந்தல் போட்டு ஊஞ்சல் மாட்டிவிட்டார். சாயங்காலமானால் என் மனைவி, பேரப்பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான். காற்று நன்றாக வருகிறதாம், என்னையும் அங்கிருந்தே கூப்பிடுகிறார்கள். நான் போகவில்லை. தேக்கில், அதைவிட இரண்டு ஆள் கூடுதலாக உட்காருகிற மாதிரி ஓர் ஊஞ்சலுக்குச் சொல்லியிருக்கிறேன்.