பாலத்துப் புதரில் தாடி

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஒரு படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, நடுவில் வந்து சந்தித்து, முனைகளைக் கைமாற்றி, விலகி, மறுபடியும் சந்திக்க வேண்டும். சந்திக்கும்போதெல்லாம் இரண்டு வார்த்தை பேசிக்கொள்ளலாம். அங்கே எல்லோரும் மடிப்பக்கா என்று கூப்பிடுகிறவள் தன் வாழ்நாளில் பேசிய பேச்சில் பாதி, அப்படி விரிப்புக்கு நடுவில் பேசியதுதான். பிறகு மடிக்கும் இயந்திரம் வந்தது. எதிர்முனையில் நின்றவளை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். இயந்திரம் மடித்துத் தள்ளுவதை அடுக்கி வைக்கும் வேலை மட்டும் அக்காவுக்கு மிஞ்சியது. அந்த இரைச்சலில் பேசினாலும் கேட்காது. பேசவும் ஆளில்லை.

விடியும் முன்னே வேலை தொடங்குவதால் மதியமே வீட்டுக்கு வந்துவிடுவாள். மூன்றாம் மாடியில் இரண்டு அறை. கணவர் கடவுளிடம் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரே மகன் கப்பல் வேலைக்குப் போனவன், போன இடத்திலேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டான். நல்ல பிள்ளைதான், குறை சொல்லக் கூடாது. வாரம் தவறாமல் கூப்பிடுவான். "சாப்பிட்டீங்களா", "மாத்திரை போட்டீங்களா" என்பான். இரண்டுக்கும் ஆமாம் சொல்லிவிட்டால் பேச்சு தீர்ந்துவிடும்.

அவன் முதன்முதலில் கிளம்பியபோது ஒரு வேலை சொல்லிவிட்டுப் போனான். "அம்மா, என் தோட்டத்துக்கு மட்டும் தினமும் தண்ணி விட்டுடுங்க. விட்டுப்போனா வாடிடும்."

"எந்தத் தோட்டம்டா? நம்ம வீட்டுல ஒரு தொட்டி கூட கிடையாதே."

கம்ப்யூட்டருக்குள் இருந்தது அந்தத் தோட்டம். அவன் ஆடிக்கொண்டிருந்த விளையாட்டில் ஒரு துண்டு நிலம், அதில் நாலு வரிசை கேரட். எந்தப் பொத்தானை அழுத்தினால் தண்ணீர் விழும் என்று காட்டிக்கொடுத்தான். அக்காவும் தினம் மதியம் முகம் கழுவி, கண்மூடிக் கும்பிட்டு, அடுத்த வேலையாகக் கேரட்டுக்குத் தண்ணீர் விட்டாள். கொஞ்ச காலம் அவனும் விசாரித்தான். பிறகு விசாரிப்பது நின்றது. ஒருநாள் அவளாகவே கேட்டாள்.

"அதையா? நான் அந்த விளையாட்டை விட்டே எத்தனையோ நாளாச்சும்மா. நீங்க இன்னுமா அதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க? விட்டுடுங்க."

முளைத்து நிற்பதை வாட விட அவளுக்கு மனசு வரவில்லை. தோட்டத்து வேலிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று ஒருநாள் பறித்த கேரட்டோடு நடந்து பார்த்தாள். ஊர் முடிந்தது, காடு வந்தது, காட்டின் முடிவில் ஒரு கல்வாசல். வாசலில் ஏதோ எழுதியிருந்தது. ஐந்தாம் வகுப்புப் படிப்பு. எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் கால் உள்ளே போய்விட்டது. யாரோ ஒருவன் குதிரையில் வந்தான், வெட்டினான், கேரட்டை அள்ளிக்கொண்டு போய்விட்டான். கேரட் போனது கூடப் பெரிதில்லை. ஒரு வார்த்தை பேசாமல் போனான் பாருங்கள், அதுதான் அவளுக்கு உறுத்தியது.

அந்த வாசலுக்கு அந்தப் பக்கம் கருப்பு எல்லை. அங்கே செத்தால் கையில் இருந்ததெல்லாம் கொன்றவனுக்கு. கேட்பார் கிடையாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் கூட்டம் சேர்ந்துதான் போவார்கள். அந்தக் கூட்டத்துக்குக் கில்டு என்று பெயர். இவள் விழுந்து கிடந்த இடத்துக்கு அப்படி ஒரு கில்டின் தலைவன் வந்தான். "தலை" என்றுதான் அவனை எல்லோரும் கூப்பிடுவார்கள். அவன் எழுத்தில் கேட்டான்: "டேய் தாடி, தனியா எதுக்குடா இங்க வந்த? அறிவில்ல? எந்திரி, எங்ககூட வா."

மகன் உருவாக்கி வைத்திருந்த ஆள் அப்படி. எருமை மாதிரி தோள், மார்பு வரைக்கும் தாடி. அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் "வா" என்று யாரும் அவளைக் கூப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி "சரி" என்று அடித்தாள்.

அப்படித்தான் தாடி கில்டில் சேர்ந்தது. மற்றவர்கள் காதில் மாட்டிக்கொண்டு வாயால் பேசுவார்கள். தாடி கேட்கும், எழுத்தில் பதில் சொல்லும். எதிரிகள் ஒரு கல்பாலத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். அதன் பக்கத்துப் புதருக்குள் ஒருவர் அசையாமல் உட்கார்ந்து, யார் வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். தூக்கம் வரும் வேலை என்று எல்லோரும் நழுவுவார்கள். தாடி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டது. மூன்று குதிரை வந்தால் "3" என்று அடித்தால் போதும். மற்ற நேரமெல்லாம் காதில் அவர்களுடைய பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும்.

"தாடி, தூங்கிட்டியாடா?"

"அவன் தாடியில குருவி கூடு கட்டியிருக்கும், முட்டை பொரியற வரைக்கும் அசைய மாட்டான்."

"ஏண்டா தாடி, உன் பொண்டாட்டிகிட்டயும் நம்பர்லதான் பேசுவியா?"

புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். வீட்டில் யாரும் இல்லை, பொத்த வேண்டிய அவசியமும் இல்லை. பழக்கம். கும்பிடும்போது அவர்களுக்காகவும் வேண்டிக்கொள்வாள். உண்மைப் பெயர் ஒன்றும் தெரியாது, தலை, ஒட்டகம் என்று விளையாட்டில் வைத்துக்கொண்ட பெயர்கள்தான் தெரியும். "தலைக்கு நல்ல புத்தி கொடு. ஒட்டகத்துக்கு முதுகுவலி சரியாகட்டும்." யார் யார் என்று கடவுளுக்குத் தெரியாதா என்ன.

புதிதாக வருபவர்களை "தாடிகிட்ட பாடம் கேட்டுட்டு வா" என்று அனுப்பினார்கள். மெதுவாக அடிப்பதால் தாடியின் பாடத்தில் வீண் வார்த்தை இருக்காது. போனால் அழுவோம் என்று தோன்றுகிற பொருளை உள்ளே கொண்டுவராதே. சும்மா தருகிறேன் என்று கூப்பிடுபவன் பின்னால் போகாதே. ஓடு என்றால் ஓடு, ஏன் என்று ஊருக்கு வந்து கேள். உன் ரகசிய வார்த்தையைத் தலை கேட்டாலும் தராதே. பெரிய கில்டா சின்ன கில்டா என்று பார்க்காதே, ஒரு தடவை செத்துப் பார். திட்டிக்கொண்டே வந்து தூக்குகிறவர்கள் எவர்களோ, அவர்களோடு சேர்.

கடைசியாகப் பாடம் கேட்டது "ரொட்டி". பேக்கரியில் மாவு பிசையும் ஆள், ஐம்பதைத் தாண்டிய குரல், பேச்சுக்கு நடுவே இருமுவார். இளவட்டங்கள் அவரை அண்ணே என்றார்கள். கழுதையின் மேல் பொதி ஏற்றி வருவதுதான் கில்டில் அவருக்குக் கொடுத்த வேலை.

அந்தச் சமயத்தில்தான் கில்டின் கிடங்கை யாரோ துப்புச் சொல்லி எதிரிகள் கொள்ளையடித்துவிட்டார்கள். உள்ளேயே ஒற்றன் இருக்கிறான் என்று பேச்சு கிளம்பியது. தலை கூட்டம் போட்டான்.

"இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள எல்லாரும் ஒரு தடவையாவது வாயைத் திறந்து பேசணும். ஆளைக் கேக்கணும் எனக்கு. பேசாதவன் வெளிய. தாடி, உன்னையும்தாண்டா சொல்றேன். இத்தனை நாளும் உன் குரலே கேட்டதில்ல. மனசுல ஒண்ணும் வச்சுக்காத, எல்லாருக்கும் ஒரே சட்டம்."

பேசாவிட்டால் வெளியே. பேசினாலோ தாடி செத்துவிடும், எந்தக் கத்தியும் இல்லாமலே. மகனுடைய நண்பர்கள் முன்பெல்லாம் வீட்டுக்கு வருவார்கள். உள்ளே ஒரே கும்மாளமாக இருக்கும். இவள் தண்ணீர்ச் செம்போடு அறைக்குள் நுழைந்ததும் எல்லாப் பயல்களும் காலை மடக்கி, வாயை மூடிக்கொண்டு உட்காருவார்கள். அவள் வெளியே வந்தபின்தான் மறுபடி சிரிப்புக் கேட்கும். அந்த அமைதியை நினைத்துத்தான் பயந்தாள்.

இயந்திர இரைச்சலுக்குள் நின்று குரலைத் தடிப்பாக்கிப் பேசிப் பார்த்தாள். "டேய், நான்தாண்டா தாடி." அவள் காதுக்கே அது ஜலதோஷம் பிடித்த பொம்பளைக் குரலாகத்தான் கேட்டது.

சனிக்கிழமை மதியம் புதருக்குள் இருந்தாள். ரொட்டி கழுதையோடு பாலத்தை நெருங்கிக்கொண்டிருந்தார், பொதி நிறையக் கில்டின் சரக்கு. எதிர்க்கரை மரத்துக்குப் பின்னால் குதிரைகள் நிற்பது தெரிந்தது. "5" என்று அடித்தாள். ரொட்டி பார்க்கவில்லை. பாட்டு முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். "நில்" என்று அடிக்க எழுத்தைத் தேடினாள். குதிரைகள் புறப்பட்டுவிட்டன.

மைக்கை மூடியிருந்த பொத்தானை அழுத்தினாள்.

"பாலத்துல ஏறாத கண்ணு. இடது பக்கம் ஓடு. ஆத்தோரமா, கல்லுக்குப் பின்னாடி. ஓடு, ஓடு."

ரொட்டி ஓடினார். ஏன் என்று கேட்கவில்லை. கழுதை கல்லுக்குப் பின்னால் மறைந்தது, குதிரைகள் வந்த வேகத்திலேயே கடந்து போய்விட்டன.

"யாரு அது?" என்றான் தலை.

"தாடி," என்றாள் அக்கா.

ரொட்டி மட்டும் இருமிவிட்டுச் சொன்னார்: "எங்க அம்மா போனதுக்கப்புறம் என்னை யாரும் கண்ணுன்னு கூப்பிட்டதில்ல. கழுதையைச் சொன்னீங்களோ என்னவோ."

அவள் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. "அம்மா, மன்னிச்சுடுங்கம்மா," என்றான் தலை. "நாங்க கண்டபடி பேசியிருக்கோம். உங்க பிள்ளைங்க மாதிரி நினைச்சுக்குங்க."

அவளை வெளியே அனுப்பவில்லை. அதைவிட மோசமாக, பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். "நீங்க எதுக்கும்மா புதர்ல கஷ்டப்படணும்" என்று ஊருக்குள் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தார்கள். வந்த சரக்கை அடுக்க வேண்டும். காலையில் இயந்திரத்துக்கு அடுக்கினாள், மதியம் இங்கே அடுக்கினாள். அவள் வந்ததும் "அம்மா வந்துட்டாங்க" என்று ஒரு குரல் சொல்லும். உடனே பேச்சு அடங்கிவிடும். "சாப்பிட்டீங்களாம்மா?" என்பார்கள். ஆமாம் என்பாள். அதோடு தீர்ந்தது.

ரொட்டி ஒருநாள் கிடங்கில் பொதியை இறக்கிவிட்டுச் சொன்னார்: "எனக்கு அண்ணே, உங்களுக்கு அம்மா. மரியாதை கொடுத்தே நம்மை ஓரத்துல உக்கார வச்சுட்டானுங்க."

"நல்ல பிள்ளைங்கதான்," என்றாள்.

"நல்லவங்கதான், நான் இல்லேன்னு சொல்லலையே."

பிறகு ஒரு மதியம். மற்றவர்கள் இன்னும் வரவில்லை. அக்கா கிடங்கிலிருந்த நல்ல கவசம் ஒன்றை எடுத்துத் தாடிக்கு மாட்டினாள். ஏன் மாட்டினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஒருவேளை அந்தப் பழைய தாடியை ஒரு தடவை அழகாகப் பார்க்க நினைத்திருக்கலாம். கல்வாசலைத் தாண்டினாள். பாலத்தைக் கண்ணால் பார்க்கும் முன்பே குதிரைக்காரர்கள் வளைத்துவிட்டார்கள். தாடி விழுந்தது. கவசம் போயிற்று.

எல்லோரும் வந்ததும் அவளே சொன்னாள். கில்டின் பொருள், மறைக்கக் கூடாது.

"பரவால்லம்மா," என்றான் தலை, மெதுவாக.

"விடுங்கம்மா, கவசம்தானே," என்றான் ஒட்டகம்.

"பரவால்லைங்கிறீங்களா?" என்றார் ரொட்டி. "போனா அழுவோம்னு தோணுறதைக் கொண்டு வராதேன்னு எனக்குப் பாடம் நடத்தினது யாரு? இந்த அம்மாதானே? அதையே மாட்டிக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போற மாதிரி போயிருக்காங்க."

"அண்ணே, சும்மா இருங்க. அம்மா மனசு கஷ்டப்படும்."

அக்கா மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "அவர் சொல்றது சரிதாம்ப்பா. இன்னொண்ணும் நான் சொல்லிக்கொடுத்திருக்கேன். செத்தா திட்டிக்கிட்டே வந்து தூக்குறவங்களோட சேருன்னு. இன்னிக்கு நான் செத்துட்டேன். நீங்க யாரும் திட்டல. அப்ப நான் எந்தக் கில்டுக்குப் போறதுன்னு நீங்களே சொல்லுங்க."

எங்கோ ஒரு வீட்டில் மின்விசிறி கடகடவென்று ஓடுவது காதில் கேட்டது.

தலை தொண்டையைக் கனைத்தான். "தாடி."

"ம்."

"உங்களுக்கு... அறிவிருக்கா?"

"இல்ல."

"ஆள் துணை இல்லாம, கிடங்குக் கவசத்தை மாட்டிக்கிட்டு, எவனாவது பாலத்துப் பக்கம் போவானா?"

"போக மாட்டான்."

"நாளைக்கு வெறுங்கையோட போய் அதே புதர்ல உக்காருங்க. கவசம், கிவசம்னு எதையாவது தொட்டீங்க, தாடியைச் சிரைச்சுடுவேன்." சொல்லிவிட்டுப் பயந்து நிறுத்தினான். ஒட்டகம்தான் முதலில் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பழைய சிரிப்பு இல்லை, கொஞ்சம் ஓரம் பார்த்து நடக்கிற சிரிப்பு. அக்காவுக்கு அது போதும் போலத்தான் இருந்தது.

மறுநாள் சலவைக்கூடத்திலிருந்து வந்து முகம் கழுவிக் கும்பிட்டாள். கேரட்டுக்குத் தண்ணீர் விட்டாள். வெறுங்கையோடு கல்வாசலைத் தாண்டிப் புதருக்குள் போய் உட்கார்ந்தாள். பாலம் காலியாகக் கிடந்தது. மூன்றாம் மாடி ஜன்னல் வழியாக வெயில் வந்து, எதிரே இருந்த காலி நாற்காலியின் மேல் விழுந்திருந்தது. காதில் யார் யாரோ ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், இவள் வந்ததைக் கவனிக்கவில்லை. அடங்கவும் இல்லை. அவள் மூச்சுக் கூடக் கேட்காதபடி இருந்தாள்.

வெகுநேரம் கழித்துத் தலையின் குரல் வந்தது. "தாடி, இருக்கீங்களா? பாலத்துல யாராவது வர்றாங்களா?"

காலையிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொண்டாள்.

"இப்போதைக்கு யாரும் இல்ல," என்றாள். "வந்தா சொல்றேன். நீங்க பேசிக்கிட்டு இருங்க."