ஈரக் கைலி மாதங்கள்

நனைந்த கைலிக்கு ஒரு வாசனை உண்டு. சோப்பும் பருத்தியும் அப்பாவின் உடம்பும் கலந்த வாசனை. அதன் மேல் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட கரியின் நெடி. நீலக் கட்டம் போட்ட தம் கைலியை அப்பா வாளித் தண்ணீரில் முக்கி, பாதி பிழிந்து, ஜன்னல் கம்பிகளில் செருகி விரிப்பார். முழுக்கப் பிழிந்தால் சீக்கிரம் காய்ந்துவிடும், பிழியாமல் விட்டால் தரை குளமாகிவிடும். ‘அரைப் பிழி’ என்று அதற்கு அவரே ஒரு பெயரும் வைத்திருந்தார். ஆகஸ்டு பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுக்குள் வெளிச்சமே நீலமாகத்தான் வரும். அந்த நீலத்தில் உட்கார்ந்துதான் நானும் தங்கையும் பின்னக் கணக்குப் போட்டோம். வேலை முடிந்து வரும் அம்மா, சொட்டும் தண்ணீருக்குக் கீழே ஒரு பேசினைக் காலால் நகர்த்தி வைத்துவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவார்.

அப்போது நாங்கள் பண்டார் தெங்காரா என்ற ஊரில் கடைசி வரிசை வீட்டில் குடியிருந்தோம். பின்கதவைத் திறந்தால் செம்பனைத் தோட்டம்தான். அப்பா செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். ஒரு நாள் இரும்புச் சட்டம் சரிந்து வலது கால் நசுங்கியது. அதற்குப் பிறகு அவர் வீட்டோடு இருக்க, அம்மா பாக்டரி பஸ் ஏறி செனாய்க்கு வேலைக்குப் போகத் தொடங்கினார். தங்கைக்குப் பிறந்ததிலிருந்தே இளைப்பு. ஜெரபு காலம் வந்தால், அதாவது புகைமூட்டம் எங்கள் வானத்தை மூடினால், அவள் பள்ளிக்கூடத்தில் இருந்த நாட்களைவிட ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்த நாட்கள்தான் அதிகம். டாக்டரின் கடிதத்தோடு அப்பா நொண்டி நொண்டி கல்வி அலுவலகத்துக்கு நடந்து, அவளை வீட்டிலேயே படிக்க வைக்க அனுமதி வாங்கினார். தான் மட்டும் வீட்டிலா என்று அவள் ஒப்பாரி வைத்ததில் நானும் வீட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். எனக்கும் சேர்த்து எப்படி அனுமதி வாங்கினார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த மனிதர் நினைத்தால் நினைத்ததுதான்.

உறவுக்காரர்கள் சிரித்தார்கள். ஆலையில் ஸ்பேனர் பிடித்தவன் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறானாம் என்று குளுவாங்கிலிருந்து வந்த மாமா சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே கேலி பேசினார். அப்பா அதற்கும் சிரித்தார். ஆலையில் பழவரத்து குறையும் மாதங்களில்தான் இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள், பழம் வந்து குவியும்போது யாரும் அதில் கை வைக்கமாட்டார்கள், பிள்ளைகளின் படிப்பும் அப்படித்தான் என்று விளக்கினார். “காலம் பாத்து கை வைக்கணும் மச்சான்.” மாமாவுக்குப் புரிந்ததோ இல்லையோ, எங்கள் வீட்டில் அதன் பிறகு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும் கல்வியாண்டு என்று ஒன்று இருக்கவில்லை. தங்கையின் மூச்சு எந்த மாதத்தில் எப்படி இருக்கும் என்பதைப் பார்த்து அப்பா வருஷத்தைத் துண்டு போட்டார்.

நவம்பரிலிருந்து மழை. படுக்கை, துணி, புத்தகம் எல்லாம் பூசணம் பூக்கும். அடுப்படிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு, சின்னச் சின்னதாகப் பாடம் நடக்கும். ஏப்ரலில் மத்தியான இடிமழைக்கு முன்பே, காலையிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுவோம். டுரியான் பழக் காலத்தில் நிறுப்பதும் பங்கு போடுவதுமாகக் கணக்கு தானாக நடக்கும். அந்த மாதங்களில் அப்பா வாத்தியாரே அல்ல, பங்காளி. ஆகஸ்டிலிருந்து ஜெரபு. அப்போது வாசலும் ஜன்னலும் சாத்தி, கைலிகளைத் தொங்கவிட்டு, இன்ஹேலரை ஒரு கயிற்றில் கட்டித் தங்கையின் கழுத்தில் மாட்டிவிடுவார். அது ஊமைப் பாடக் காலம். வாய்விட்டு வாசித்தால் அவளுக்கு மூச்சு வீணாகும் என்பதால் யாரும் பேசக்கூடாது. கேள்வியை அப்பா சிலேட்டில் எழுதுவார், நாங்கள் மேசையைத் தட்டிப் பதில் சொல்வோம். ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. வாய்ப்பாடு முழுவதையும் தங்கை விரல் முட்டியால் தட்டியே மனப்பாடம் செய்தாள். சரியான பதிலுக்கு அவள் தட்டும் தட்டில் ஒரு திமிர் இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

பிப்ரவரி வேறு. மழை ஓய்ந்து, காற்று கழுவிவிட்டதுபோல் இருக்கும். வருஷத்தின் நல்ல மாதம் அதுதான் என்று அப்பா தீர்மானித்திருந்தார். வெளியில் செய்யவேண்டிய பாடம் எல்லாவற்றையும் அந்த மாதத்துக்கே சேர்த்துவைப்பார். தோட்டத்து மண்சாலையில் சைக்கிள், வாய்க்காலில் மீன்குஞ்சு பார்ப்பது, அவரை விதை ஊன்றுவது, மரத்தின் உயரத்தை அதன் நிழலைக் கொண்டு கணக்கிடுவது. மற்றப் பிள்ளைகள் தீபாவளிக்கு நாள் எண்ணுவதுபோல் தங்கை பிப்ரவரிக்கு நாள் எண்ணுவாள். அந்த மாதம் பிறந்ததும் இன்ஹேலர் அவள் கழுத்திலிருந்து இறங்கி அடுப்படி ஆணிக்குப் போய்விடும். அதைக் கழற்றி மாட்டுவதே எங்கள் வீட்டில் ஒரு சடங்கு. அப்பா அவளை இடுப்பைப் பிடித்துத் தூக்குவார், அவளே தன் கையால் ஆணியில் மாட்டுவாள், நாங்கள் கை தட்டுவோம். பாக்டரிக்குக் கிளம்பும் அவசரத்திலும் அம்மா அதற்காக ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போவார்.

அப்பாவின் கணக்கில் தவறில்லை என்பதைச் சொல்லியாகவேண்டும். புகை கடலுக்கு அந்தப்பக்கமிருந்து தென்மேற்குக் காற்றில் வருகிறது. பிப்ரவரியில் காற்று வடகிழக்கிலிருந்து வீசும். ஆகவே பிப்ரவரியில் புகை வராது. இதை அவர் சிலேட்டில் அம்புக்குறி போட்டு எங்களுக்குப் படமாகவே வரைந்து காட்டியிருக்கிறார். வருஷா வருஷம் அப்படியே நடந்தும் வந்தது.

எனக்குப் பதின்மூன்று, அவளுக்குப் பத்து. அந்த வருஷம் மழை சீக்கிரமே நின்றுபோனது. வாய்க்கால் வற்றி, தோட்டத்தில் ஓலைகள் மடிந்து தொங்கின. எங்கள் ஊருக்கு வடகிழக்கே தொலைவில் ஒரு சதுப்பு நிலம் இருந்தது. காய்ந்த சதுப்பு, மண்ணுக்கு அடியில் தீப்பிடித்துப் புகையத் தொடங்கியிருந்தது. மேலே தீ தெரியாது, அடியில் கனன்றுகொண்டே இருக்கும் என்பதை நாங்கள் பிற்பாடுதான் தெரிந்துகொண்டோம். பிப்ரவரியில் ஒரு நாள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அம்மா, வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தார்.

“என்னங்க, பொகை நாத்தம் வருதே.”

“பிப்ரவரில ஏது ஜெரபு? கம்பத்து வீட்டுல எவனாச்சும் குப்ப எரிப்பான்.”

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வீட்டில் வானத்தைப் பற்றிய அதிகாரம் அப்பாவுடையது.

மறுநாள் நிழல் பாடம். தோட்டத்து ஓரம் வெட்டவெளியில் ஒரு கம்பை நட்டு, அதன் நிழலின் நுனியில் கூழாங்கல் வைத்துக்கொண்டே போகவேண்டும். காலையிலிருந்து உச்சிவரை நிழல் எப்படிக் குறுகுகிறது என்று பார்ப்பதற்காக. தங்கைதான் கல் வைப்பவள். அந்த வேலையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டாள். முதல் கல்லை வைக்கக் குனிந்தவள் குனிந்தபடியே இருந்தாள்.

“அப்பா, நெழலுக்கு ஓரமே தெரியலப்பா.”

நானும் பார்த்தேன். கம்பு நின்றது, நிழலும் இருந்தது. ஆனால் அது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியவில்லை. சூரியன் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது, கண் கூசாமல் அதைப் பார்க்க முடிந்தது. அப்பாவும் நிமிர்ந்து பார்த்தார். மெல்லிய மேகம், கொஞ்சம் பொறுத்தால் விலகிவிடும், அதுவரை காத்திருப்போம் என்றார். கண்ணால் பார்த்ததைத்தான் நம்பவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அன்றைக்கு அவர் கண்ணை நம்பவில்லை, மாதத்தை நம்பினார்.

நாங்கள் காத்திருந்தோம். நிழலுக்கு விளிம்பு வரட்டும் என்று அந்த வெட்டவெளியில் காலை முழுவதும் உட்கார்ந்திருந்தோம். நடுவில் அப்பா மூச்சு வாங்குகிறதா என்று கேட்டபோது தங்கை இல்லை என்று தலையாட்டினாள். அவள் பொய் சொன்னாள் என்று எனக்கு இப்போது தெரியும். உண்மையைச் சொன்னால் வீட்டுக்குள் போகவேண்டும், பிப்ரவரியில் ஒரு நாள் போய்விடும். பிறகு கொஞ்ச நேரத்தில் அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். அப்பா என்னம்மா பாப்பா என்று கேட்டதற்கு, மடியில் வைத்திருந்த கூழாங்கல்லால் தரையில் இரண்டு முறை தட்டினாள். இல்லை. முடியவில்லை. ஊமைப் பாடக் காலத்துப் பதிலை அவள் பிப்ரவரியில் சொன்னாள். அப்போதுதான் அப்பாவின் முகம் மாறியது.

என்னை ஓடச் சொன்னார். நான் வீட்டுக்கு ஓடி, ஆணியிலிருந்து இன்ஹேலரை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடினேன். பாதி வழியில் அவரே எதிரே வந்துகொண்டிருந்தார். நசுங்கிய காலை இழுத்துக்கொண்டு, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, வாய் ஓயாமல் அவளுக்கு மூச்சு எண்ணிக்கொடுத்தபடி. மருந்தை அடித்தோம். மருந்து உள்ளே போவதற்கு அவள் மூச்சை இழுக்கவேண்டுமே, அந்த இழுப்பு அவளிடம் இல்லை. பழம் ஏற்றும் லாரிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி எங்களை ஏற்றிக்கொண்டார். குளுவாங் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் வெகுநேரம் முயன்றார்கள். அதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது புகை தெருவில் இறங்கியிருந்தது. எதிர்வீடு தெரியவில்லை. இப்போது யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லாமல் எல்லோருக்கும் தெரிந்தது. பள்ளிக்கூடங்களை மூடப்போகிறார்களாம் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் முகக்கவசத்தோடு பேசிக்கொண்டார்கள். அப்பா அலமாரியைத் திறந்து தம் கைலிகள் எல்லாவற்றையும் எடுத்தார். வாளியில் தண்ணீர் பிடித்தார். ஒவ்வொன்றாக நனைத்து, அரைப் பிழி பிழிந்து, கூடத்து ஜன்னல்களில் தொங்கவிட்டார். வாசலுக்கும் ஒன்று கட்டினார். வந்தவர்கள் அதை விலக்கிக்கொண்டு குனிந்து உள்ளே வந்தார்கள். நடுவில் தங்கை படுத்திருந்தாள், அவள் முகத்தின் மேல் அந்த நீல வெளிச்சம் விழுந்தது. கடைசிக் கைலியை அவர் பிழிந்துகொண்டிருந்தபோது அம்மா தலை நிமிராமல் கேட்டார்:

“இனிமே யாருக்குங்க?”

அப்பா அதையும் தொங்கவிட்டார்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று பெரியம்மா அவருக்கு ஆறுதல் சொன்னார். அந்தப் பழமொழியை அன்றிலிருந்து எனக்குப் பிடிக்காது. வீட்டுப் பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது. நான் பெரியம்மா வீட்டில் தங்கி, சீருடை போட்டுக்கொண்டு மற்றவர்களைப்போல் ஜனவரியில் தொடங்கும் வருஷத்துக்குள் போனேன். அப்பாவின் மேல் எனக்குக் கோபம் இருந்தது. பல வருஷங்கள் இருந்தது. கோபம் போன பிறகு அந்த இடத்தில் அன்பு வந்து உட்கார்ந்ததா என்றால் அதுவும் இல்லை, ஒரு வகையான பயம்தான் வந்தது. இவ்வளவு யோசித்து, இவ்வளவு பார்த்துப் பார்த்து ஒரு மனிதர் தம் பிள்ளையைக் காப்பாற்ற வருஷம் முழுவதையும் வெட்டித் தைத்திருக்கிறார். அவ்வளவும் செய்து, தைத்த இடத்திலேயே அது பிரிந்துபோனது. நான் எதை நம்பி என் பிள்ளையை வளர்ப்பது?

இப்போது நான் பத்து பாகாட் நகரத்தில் இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் என்னோடு வந்துவிட்டார்கள். அப்பாவின் வருஷத்தில் இப்போது மழைக்காலமும் டுரியான் காலமும் கிடையாது, ஒரே காலம்தான். டிசம்பரில் கொட்டுகிற மழையிலும் அவர் அறை ஜன்னலில் ஈரக் கைலி தொங்கும். போனில் காற்றின் அளவைப் பச்சை நிறத்தில் காட்டி, பாருங்கப்பா, நல்லாத்தான இருக்கு என்று நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். தலையாட்டிவிட்டு வாளியை எடுக்கப் போய்விடுவார். சுவர் ஊறிச் சுண்ணாம்பு உதிர்வதைப் பற்றி என் கணவர் முதலில் முணுமுணுத்தார், பிறகு விட்டுவிட்டார்.

இந்த பிப்ரவரியில் ஒரு காலை, என் மகள் முற்றத்தில் ஒரு குச்சியை நட்டாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த வேலை, நிழல் பாடம்தான். அடுப்படியிலிருந்து அதைப் பார்த்ததும் என் கண் வானத்துக்குப் போனது. வானம் துடைத்துவைத்ததுபோல் இருந்தது. அப்பா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். காலை நீட்டிக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்து, நிழலின் நுனியில் விரலை வைத்துப் பார்த்தார். விளிம்பு தெரிந்தது, கோடு கிழித்ததுபோல் தெரிந்தது. அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, பேத்தியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை, ஆனால் கேட்டாள்.

“ஏன் தாத்தா? பிப்ரவரில ஏது ஜெரபு? டீச்சரே சொன்னாங்க.”

“நானும் அப்படித்தாம்மா சொன்னேன்.”

குரலில் ஒன்றுமில்லை. மணி கேட்டால் மணி சொல்வதுபோல் சொன்னார். கைலியை நனைத்து, அரைப் பிழி பிழிந்து, முற்றத்துப் பக்கம் இருந்த ஜன்னலில் விரித்தார். வெளியே குச்சி தனியாக நின்றது. அம்மா எழுந்து வந்து, சொட்டுகிற இடம் பார்த்து, பேசினைக் காலால் நகர்த்தி வைத்தார்.