கண்ணாடியில் ஒட்டிய முகம்

நான் குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊரில் வசிக்கும் மெக்கானிக்கல் இன்ஜினீயர். ஓய்வு நேரத்தில் மாதிரி ரயில்கள் செய்வேன். செங்கோட்டைப் பாதையில் ஓடிய நீராவி எஞ்சின் ஒன்றைச் செய்வதற்காகப் பழைய படங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். தோழி ஷைனியின் வீட்டுச் சுவரில் ஒன்று கிடைத்தது. ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாக இருந்து மறைந்த அவளுடைய அப்பா, எஞ்சின் முன்னால் நிற்கும் படம்.

"கொண்டு போ மக்களே. அவரு சிரிச்சிட்டு நிக்க படம் இது ஒண்ணுதான் உண்டு, பாத்து," என்றார் ஷைனியின் அம்மா.

புகைபோக்கியின் வடிவம், விளக்கின் இடம், சக்கரங்களை இணைக்கும் தண்டு என்று பார்க்க வேண்டியவற்றை வரிசையாகக் குறித்து வைத்திருந்தேன். கண்ணாடியின் பளபளப்பில் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. சட்டத்தைக் கழற்றிப் படத்தை இழுத்தேன். மழைக்கால ஈரத்தில் அது கண்ணாடியோடு ஒட்டியிருந்ததைக் கவனிக்கவில்லை. எஞ்சின் முழுதாக வந்தது. அவர் முகம் உரிந்து, துண்டு துண்டாகக் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது.

திருப்பிக் கொடுத்தபோது ஷைனி வெகுநேரம் படத்தையே பார்த்தாள். "ஏட்டி, உனக்க எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகல்லல்லா?" என்றாள். அவள் அம்மா அந்தக் கண்ணாடியை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அந்த எஞ்சினை நான் இன்னும் முடிக்கவில்லை. இப்போது யார் வீட்டுப் படத்தையும் சட்டத்திலிருந்து எடுப்பதில்லை. சுவரில் இருக்கும்போதே கைபேசியில் படம்பிடிக்கிறேன். முதலில் அதில் நிற்கும் மனிதரைப் படம்பிடித்து வீட்டாருக்கு அனுப்புகிறேன். பிறகுதான் எஞ்சின்.