மீன் காட்டி அனுப்பிய அம்மாக்கள்

பிள்ளைக் காப்பகத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது இரண்டாவது வேலை. முதல் வேலை, அம்மாவைப் பிள்ளைக்குத் தெரியாமல் வெளியே அனுப்புவது. உலு திராமில் ஒரு தஸ்காவில் பதினொரு வருஷமாக நான் டீச்சர். தஸ்கா என்றால் காப்பகம்தான், இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் விடியுமுன்னே பிள்ளையைத் தூக்கக் கலக்கத்தோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓடுவார்கள். கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்துகிற பிள்ளையின் கையை விரல் விரலாகப் பிரித்துவிட்டு பஸ் பிடித்தவர் யாராவது இதைப் படித்தால், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்களைக் குற்றம் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

மீன் தொட்டி

எங்கள் தஸ்காவில் வாசல் முன்பக்கம், மீன் தொட்டி பின்சுவரை ஒட்டி. அந்தத் தொட்டியை அழகுக்காக வைத்திருக்கிறோம் என்று புதிதாக வரும் பெற்றோர் நினைப்பார்கள். அதன் வேலை வேறு. பிள்ளையைக் கையில் வாங்கியதும், "பெரிய மீனக் காணோமே, எங்க போச்சு?" என்று தொட்டிப் பக்கம் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பிள்ளை மீனைத் தேடுகிற நேரத்தில் அம்மா நழுவிவிட வேண்டும். திரும்பிப் பார்த்தால் அம்மா இருக்க மாட்டாள். கொஞ்ச நேரம் கத்தும், அப்புறம் பசியாற உட்கார்ந்துவிடும்.

இதில் நான் கெட்டிக்காரி. மற்ற டீச்சர்களிடம் கால் மணி நேரம் அழுகிற பிள்ளை என்னிடம் ஐந்து நிமிஷத்தில் அடங்கிவிடும். புதிதாக விசாரிக்க வருகிற பெற்றோரிடம், தஸ்கா நடத்தும் ராணி அக்கா என்னைத்தான் கைகாட்டுவார். "நம்ம ஸ்டெல்லா டீச்சர் கையில குடுத்துட்டா அழுகச் சத்தமே வெளிய கேக்காது லா."

காருக்குள் ஒருவர்

எல்லாப் பிள்ளையும் அழும் என்றில்லை. ஒரு பையன் முதல் நாளே செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடி விளையாட்டுச் சாமான்களைக் கொட்டிவிட்டான். மீனுக்கு வேலையே வரவில்லை. அரை மணி கழித்துக் குப்பை போடக் கேட்டுக்குப் போனால், அவன் அப்பா இன்னும் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஏதாவது மறந்துவிட்டாரோ என்று கண்ணாடியைத் தட்டினேன். கண் சிவந்திருந்தது. "அவன் திரும்பியே பாக்கல டீச்சர்," என்றார்.

ஒற்றைச் செருப்பு

தர்ஷினி எங்களிடம் வந்தபோது மூன்று வயது. அம்மா கலாவுக்குச் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அப்பா அவர்களோடு இல்லை. இரண்டு வாரம் தொண்டை கட்டும்வரை கத்தினாள். மூன்றாவது வாரம் சத்தம் நின்றுவிட்டது. என் திறமை என்று நினைத்துக்கொண்டேன். மீன் பார்க்கத் தூக்கினால் அவள் மீனைப் பார்க்க மாட்டாள், கழுத்தைத் திருப்பி வாசலையே பார்ப்பாள். சாப்பிடுவதும் வாசலைப் பார்த்துத்தான். மதியம் எல்லாரும் படுத்த பிறகும் அவள் மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். உஷாரான பிள்ளை என்று மற்ற டீச்சர்களிடம் சொல்லிச் சிரித்தேன்.

ஒருநாள் கலா வருகைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனால், வாசலில் ஒரு செருப்புதான் கிடக்கிறது. அடுத்ததைத் தேடாத இடமில்லை. சாலை முனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. "அலமாக், என்னடா இது," என்று கலா அழாத குறை. கடைசியில் என் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடினாள். மதியம் தர்ஷினிக்கு உடை மாற்றப் பையைத் திறந்தேன். சட்டைக்குள் சுருட்டி வைத்த அம்மாவின் செருப்பு இருந்தது. ஏன்டா கண்ணு என்று கேட்டேன். அவள் ரகசியம்போல மெதுவாகச் சொன்னாள். "ஒரு செருப்போட அம்மா போவ முடியாதுல்ல?"

சிரித்துவிட்டேன். அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், புரியவில்லை.

நாலு முகம்

ஒரு சனிக்கிழமை, சின்னப் பிள்ளைகளின் மனதைக் கவனிப்பது எப்படி என்று எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. அழுகிற பிள்ளையை அடக்காமல் பக்கத்தில் இருங்கள், அதற்கு என்ன தோன்றுகிறது என்று சொல்லப் பழக்குங்கள் என்றார்கள். ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு வந்தேன். திங்கட்கிழமையே அட்டையில் நாலு முகம் வரைந்து ஒட்டினேன்: சிரிப்பு, அழுகை, கோபம், பயம். பிள்ளைகள் காலையில் வந்ததும் தங்கள் பெயர் எழுதிய துணி கிளிப்பை ஒரு முகத்தில் மாட்ட வேண்டும். தர்ஷினி தினமும் சிரிப்பில்தான் மாட்டினாள். அதைப் படம் பிடித்துக் கலாவுக்குக்கூட அனுப்பினேன்.

ஒரு காலை அவள் கிளிப் மாட்டும்போது கவனித்தேன். கண் நிறையத் தண்ணீர். உதட்டைக் கடித்துக்கொண்டு, எட்டி, சிரிக்கிற முகத்தில் மாட்டினாள். மண்டிபோட்டு உட்கார்ந்து, அழுகை வந்தால் அழுகிற முகத்தில் மாட்டலாமே தங்கம் என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "அதுல மாட்டுனா மீன் பாக்கத் தூக்கிட்டுப் போவீங்க."

துணி போட்டு மூடியது

 பதினொரு வருஷத்தில் எத்தனை பிள்ளைகளை அந்தத் தொட்டி முன்னால் நிறுத்தியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருந்தது. அன்று மதியம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் ஒரு பழைய துணியைப் போட்டுத் தொட்டியை மூடினேன். மறுநாள் காலையில் கலாவைக் கேட்டிலேயே நிறுத்திச் சொன்னேன்: இனிமேல் நழுவ வேண்டாம். வேலைக்குப் போகிறேன், ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போ. அழுதால் அழட்டும், நான் மடியில் வைத்துக்கொள்கிறேன்.

கலா பஸ் வருகிற பக்கம் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கோபத்தைவிட அலுப்புதான் அந்த முகத்தில் இருந்தது. "சொல்லாம போவச் சொல்லித்தந்ததே நீங்கதான டீச்சர். இப்ப அழாத புள்ளைய அழ வைக்கச் சொல்றீங்களா?"

சிகாமட்

அடுத்த மாதம் கலாவுக்கு இரவு ஷிஃப்ட் போட்டுவிட்டார்கள். தஸ்கா இரவில் கிடையாது. தொலைவில் சிகாமட்டில் இருக்கும் தன் அண்ணன் வீட்டில் பிள்ளையை விடுவது, லீவு நாளில் போய்ப் பார்ப்பது என்று முடிவெடுத்தாள். கடைசி நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். அங்கேயாவது சொல்லிவிட்டு வா கலா, எந்த நாள் வருவாய் என்று சொல், எவ்வளவு அழுதாலும் நின்று கேட்டுவிட்டு வா. அழுதால் இன்னும் நம்மை நம்புகிறாள் என்று அர்த்தம். கலா இந்தத் தடவை மறுக்கவில்லை, சரி என்றாள். தர்ஷினி பையைத் தூக்கிக்கொண்டு, எங்களுக்குத் தொந்தரவு தராமல், அமைதியாகப் போனாள்.

கலா பிள்ளையைச் சிகாமட்டில் விடப்போன அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நான் வேறு எதையும் கேட்கவில்லை. ஒரு பிள்ளை அழ வேண்டும் என்று ஜெபம் பண்ணிய டீச்சர் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சாயங்காலம் சிகாமட் ரயில் நிலையத்திலிருந்து கலா போன் பண்ணினாள். பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது, அவள் பேச்சு விட்டு விட்டு வந்தது. "சொல்லிட்டுதான் வந்தேன் டீச்சர். வாசல்ல உக்காந்து, மூஞ்சியப் பாத்து, அடுத்த ஞாயித்துக்கிழம வருவேன்னு சொன்னேன். அவ அழவே இல்ல. 'நீங்க போங்கம்மா, நா அந்தப் பக்கம் பாத்துக்கிறேன்'னு சொல்லிட்டு, செவுத்தப் பாத்துத் திரும்பி நின்னுட்டா."

பிள்ளைக்குத் தெரியாமல் அம்மாவை அனுப்பிவைப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பதினொரு வருஷமாக நினைத்திருந்தேன், மூன்று வயதில் ஒருத்தி மீன்கூட இல்லாமல் அதைச் செய்துவிட்டாள்.