சான்றிதழ் வாங்கப் போன நேரத்தில்

மருத்துவக் கல்லூரி நேர்முகத்தேர்வில் ஒருமுறை தோற்றிருந்தேன். மறுபடி விண்ணப்பிக்கச் சேவைச் சான்றிதழ் வேண்டுமே என்றுதான் புனேயில் ஒரு மருத்துவமனையில் ஆறு மாதம் எரிச்சலோடு நோயாளிகளுக்குப் பதிவுச் சீட்டு எழுதினேன்.

கடைசி நாளில், பக்கத்து ஊரான தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் கை நசுங்கிய கணவரோடு ஒரு தமிழ்ப்பெண் வந்தார்.

"எனக்கு மராத்தி வராதும்மா. பெனிசிலின் இவருக்கு ஆகாது, டாக்டர்கிட்ட சொல்லும்மா."

"இருங்கக்கா, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கண்காணிப்பாளரிடம் சான்றிதழில் கையெழுத்து வாங்க ஓடினேன்.

திரும்புவதற்குள் பெனிசிலின் ஊசியைப் போட்டுவிட்டார்கள். மூச்சுத் திணறியவரை மருத்துவர்கள் போராடித்தான் காப்பாற்றினார்கள்.

அவர் மனைவி என்னைத் திட்டவில்லை. "வர்றேன்னியேம்மா" என்றார்.

அந்தச் சான்றிதழைக் கொடுத்தேன்; இடமும் கிடைத்தது. ‘நோயாளிகளிடம் கனிவானவர்’ என்று அதில் எழுதியிருந்தது. அது பொய்யென்று சொல்ல எனக்கு அன்று துணிவு வரவில்லை. என்மேல் எனக்குள்ள ஆத்திரம் இன்னும் தீரவில்லை.