புதினாவுக்கு ஒரு கிராப்பு

நுனியை மட்டும் வெட்டுகிறார். ஒரு வெட்டு, அடுத்த கிளை. இந்த முடிதிருத்துபவர் மாடித் தொட்டிகளில் இருக்கும் புதினாவுக்கும் கொத்தமல்லிக்கும் கிராப்பு வெட்டிவிட்டுத்தான் கீழே வந்து கடையைத் திறப்பார். அதற்கென்று தனிக் கத்தரிக்கோல். நம் தலையில் அது படாது.

"நுனியை எடுத்தாத்தான் பக்கத்துல கிளைக்கும். ஒட்ட வழிச்சா கொத்தமல்லி திரும்பி வராதுண்ணே, உங்க முன்மண்டை மாதிரி."

கொத்தமல்லியை நறுக்கி, தண்ணீர் விட்டு, குழம்பில் போடுவதற்கென்று ஐஸ் தட்டில் உறைய வைப்பார். விருந்துக்கு வந்த மாப்பிள்ளை அந்தப் பச்சைக் கட்டியைப் பழச்சாற்றில் போட்டுக் குடித்துவிட்டு, மரியாதைக்கு நன்றாயிருக்கிறது என்றாராம். "அதுலேர்ந்து அவர் வந்தா அதையேதான் குடுக்கறோம்" என்கிறார், சிரிக்காமல்.

புதினாவைக் காயவைத்து அடைப்பதில்தான் மனைவியோடு தகராறு. போன வருஷம் அரை ஈரத்தில் அடைத்தது அத்தனையும் பூசணம் பிடித்துக் குப்பைக்குப் போயிற்று. இந்த வருஷம் கடைசியாக வெட்டியது ஒரு பெரிய பாட்டில் தேறியது. எங்கள் மலையூரில் குளிர் போகும்வரை செடி துளிர்க்காது. இதுவும் கெட்டால் அதுவரை வீட்டில் புதினா கிடையாது.

"இன்னும் காயலங்க. காம்பு வளையுது பாருங்க."

"ஈரத்தலை எது, காஞ்ச தலை எதுன்னு இந்தக் கைக்குத் தெரியாதா?"

"தலையை யாரும் பாட்டில்ல போட்டு மூடலையே."

மூடிவிட்டார்.

மறுநாள் நான் சவரத்துக்குப் போயிருந்தேன். பாதி முகத்துக்கு நுரை போட்டவர், கையைத் துடைத்துக்கொண்டு துண்டுக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்தார். கண்ணாடி உள்பக்கம் வேர்த்திருந்தது.

"அவ பாக்கறதுக்குள்ள தூக்கிட்டு வந்துட்டேன். வெளியில சொல்லிடாதீங்க."

செய்தித்தாளை விரித்துக் கொட்டினார். முடி உலர்த்தும் மெஷினைப் போட்டார். அவ்வளவுதான், நாற்காலியில், சீப்பில், என் நுரையில் எல்லாம் புதினா.

சாப்பாட்டுத் தூக்கோடு அந்த அம்மா வாசலில் நின்றார். இவர் மெஷினை நிறுத்தினார். அந்த அம்மா உள்ளே வந்தார். மேசையில் கிடந்த ஓர் இலையை எடுத்து, கசக்கி, முகர்ந்தார்.

"பொழச்சுது. வாசம் போகல. இன்னும் கொஞ்சம் நெழல்ல கெடக்கட்டும்" என்றவர், என்னைப் பார்த்து, "அண்ணன் மூஞ்சியில இருக்கறது மட்டும் நமக்கு வேணாம்" என்றார்.

இருவருமாகப் பொறுக்கினார்கள். பாதி முகத்தில் நுரை காய நான் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் தாளுக்கு வந்தபிறகு, இவர் பாட்டிலின் மூடியைத் தேடி எடுத்தார். உள்ஈரத்தைச் சட்டையில் துடைத்தார். அதை மனைவியின் கையில் வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பிக் கத்தியை எடுத்தார்.