சந்தனம் பூசிய ஆறு தோட்டாக்கள்

பர்மாவில், மாவ்பி ஊரில் பொன்னுத்துரை முதலாளியின் அரிசி மில்லுக்குக் காவல் நிற்பவள் சத்யபாமா. "பொம்பளைக் காவலா?" என்று மூக்கைச் சுளித்தவர்களில் நானும் ஒருத்தி, மறைப்பானேன்? நான் செலின், அதே மில்லில் கடிதம் டைப் அடிக்கிறவள். இரண்டு பேரும் பபேடானிலிருந்து தினம் ஒரே பஸ்ஸில் போய் வருகிறோம். அந்த பஸ்ஸில்தான் அவள் யாரென்று தெரிந்துகொண்டேன்.

பாமாவின் அப்பா ரயில்வே தொழிலாளி. அவள் பள்ளிக்கூடம் முடித்ததும் ஒரு விளையாட்டுக் கழகத்தில் சேர்ந்து கைத்துப்பாக்கி சுடப் பழகி, மூன்று பதக்கம் வாங்கியிருக்கிறாள். கல்யாணத்தோடு பதக்கமெல்லாம் பெட்டிக்குள் போயின. புருஷன் இறந்த பிறகு, தெரிந்த ஒரே வித்தையைச் சொல்லி முதலாளியிடம் வேலை கேட்டாள். அவரும் கொடுத்தார். மனுஷன் நல்லவர்தான், ஒரு விஷயத்தைத் தவிர.

அந்த விஷயம் அவருடைய அப்பா விட்டுப்போன ரிவால்வர். அதற்கு லைசென்ஸ் உண்டு; பாமா காவலுக்கு எடுத்துக்கொண்டு நிற்பதும் அதைத்தான். கூடவே ஆறு சீமைத் தோட்டா. "எங்கப்பா ஒரே தோட்டாவுல மூணு கொள்ளைக்காரனச் சாய்ச்சாரு. வரிசையா நின்னானுங்க, வரிசையா விழுந்தானுங்க" என்பார், வருகிறவர் போகிறவரிடமெல்லாம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இரண்டு பேர்தான் விழுந்தார்கள். பத்து வருஷத்தில் மூன்றாகிவிட்டார்கள்.

ஆயுத பூஜை வந்தால் அந்த ஆறு தோட்டாவுக்கும் யோகம். முதலாளியே தன் கையால் ஒவ்வொன்றையும் நல்லெண்ணெய் போட்டுத் துடைப்பார், சந்தனம் பூசுவார், குங்குமம் வைப்பார். மறுநாள் மறுபடி எண்ணெய் போட்டுத் துடைத்துப் பெட்டியில் வைப்பார். நாற்பது வருஷமாக இதே மரியாதை.

கொரோனாவுக்கு முந்தின வருஷம் பக்கத்து மில்லில் கொள்ளை நடந்தது. அங்கே காவல் நின்றவரை அடித்துக் காலை உடைத்துவிட்டார்கள். மறுநாளே பாமா முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"முதலாளி, இந்தத் தோட்டாவச் சுட்டுப் பாக்கணும். லைசென்ஸ் ஆபீசர் முன்னால சுட்டுக் காட்டினா, புதுசு வாங்கவும் அனுமதி தருவாராம்."

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கப்பா தோட்டாவையா சந்தேகப்படுற?"

"கேட்டுல நிக்கிறது நாந்தானே முதலாளி?"

"சரி, சுடு. ஆறும் வெடிச்சிட்டா அன்னைக்கே நீ வேலைய விட்டுப் போயிரணும்."

"ஹோக்கே" என்றாள் பாமா. பர்மிய மொழியில் சரி என்று அர்த்தம். பஸ்ஸில் அவளைப் பிடிபிடியென்று பிடித்தேன். "பைத்தியமாடி உனக்கு? இந்த வேலையும் போனா என்ன பண்ணுவ?"

"வேலை போனா வேற தேடலாம்க்கா. கொள்ளைக்காரன் முன்னால நின்னு சுடுறப்ப வெறும் 'டிக்'னா, அப்புறம் எதத் தேடுறது?"



அடுத்த வாரம் ஒரு காலை. மில்லுக்குப் பின்னால் மலைபோல் குவிந்த உமிக்கு முன்பாக, த்வாண்டேயிலிருந்து வந்த மூன்று பெரிய மண்ஜாடிகளில் தண்ணீர் நிரப்பி ஒன்றன்பின் ஒன்றாக வைத்தோம். மூன்று கொள்ளைக்காரர்கள்! யாரோ ஒரு குறும்புக்காரன் ஜாடிக்கெல்லாம் துண்டால் தலைப்பாகை கட்டிவிட்டான். லைசென்ஸ் அதிகாரி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மில்லே கூடிவிட்டது.

பாமா கையை நீட்டினாள். முதல் தோட்டா, டிக். அவ்வளவுதான். தாமதமாக வெடித்துவிடுமோ என்று துப்பாக்கியை உமிப்பக்கமே நீட்டியபடி அரை நிமிஷம் காத்து நின்றாள். "சகுனத்தடை, ஒண்ணுமில்ல" என்றார் முதலாளி.

இரண்டாவது வெடித்தது. முதல் ஜாடி சுக்குநூறு. முதலாளி குழந்தை மாதிரி குதித்தார். போய்ப் பார்த்தால், இரண்டாவது ஜாடியில் ஒரு ஓட்டை, அதன் அடியிலேயே குண்டு கிடக்கிறது. மூன்றாவது கொள்ளைக்காரனின் தலைப்பாகைகூட அசையவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

மூன்றாவது தோட்டா "புஸ்" என்றது. எந்த ஜாடியிலும் படவில்லை.

"அதவிடு, அடுத்ததச் சுடு! இல்ல, எங்கிட்ட குடு, நான் சுடுறேன்!" முதலாளி பாய்ந்து கையை நீட்டினார்.

"தொடாதீங்க!"

முதலாளியிடம் அவள் குரல் உயர்ந்தது அன்றுதான். தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டு, குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். வெளிச்சம் வரவில்லை. குண்டு உள்ளே சிக்கிக் கிடந்தது. ஒரு கம்பியால் தட்டித் தள்ளி, அதை முதலாளியின் உள்ளங்கையில் போட்டாள். "இதுக்கு மேல இன்னொண்ணு சுட்டிருந்தா குழாய் வெடிச்சு, சுட்டவர் கை போயிருக்கும்" என்று அதிகாரி பர்மிய மொழியில் சொன்னார். நீட்டிய கையை முதலாளி மெல்ல மடக்கிக்கொண்டார்.

மிச்சம் மூன்றில் ஒன்றை அதிகாரி குறட்டால் பிரித்தார். பொலபொலவென்று கொட்ட வேண்டிய மருந்து கட்டியாக விழுந்தது. முகர்ந்து பார்த்து என்னிடம் நீட்டினார். சாட்சாத் நல்லெண்ணெய் வாசம்!

முதலாளி அதை வாங்கி முகர்ந்தார். "நாந்தானா? நானேவா?" என்றார்.

"தோட்டா நல்ல தோட்டாதான் முதலாளி. உங்கப்பா கையில வெடிச்சிருக்கும். நாமதான் வருஷா வருஷம் குளிப்பாட்டியே கெடுத்துட்டோம்" என்றாள் பாமா. ஜெயித்தவள் பேசுகிற பேச்சா அது? நானாக இருந்தால் மில் முழுக்கத் தம்பட்டம் அடித்திருப்பேன். அவளுக்காக என் நெஞ்சுதான் விம்மியது.

மாதம் முடிவதற்குள் புதுத் தோட்டா வந்தது. பாமா நாலைச் சுட்டுப் பார்த்தாள். நாலும் வெடித்தன. மிச்சத்தை ஈரம் படாத தகர டப்பாவில் வைத்தாள். உடையாமல் நின்ற மூன்றாவது கொள்ளைக்காரன் இப்போது கேட்டுக்கு வெளியே, வழிப்போக்கர்களுக்குக் குடிதண்ணீர் கொடுத்துப் புண்ணியம் தேடிக்கொண்டிருக்கிறான்.

அந்த வருஷ ஆயுத பூஜையில் தட்டில் வெறும் ரிவால்வர் மட்டும் இருந்தது. முதலாளியின் மனைவி நீலாம்பாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, "தோட்டா எங்கங்க?" என்று தேடினார்.

"அது பக்கம் எண்ணெயக் கொண்டு போகாத" என்றார் முதலாளி. சந்தனக் கிண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கூட்டத்தில் கடைசியில் நின்ற பாமாவிடம் நேராகப் போனார்.

"சுடுற கை எதும்மா?"

பாமா வலது கையை நீட்டினாள். எல்லோர் முன்னாலும் அந்தக் கையில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார்.